பேர் போன மரம்

அண்ணன் அந்தக் கதையை ஐந்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் வாடகை நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் எதைக் கொண்டுவந்து போட்டாலும் பத்து நிமிஷத்தில் மரத்தூள் படிந்துவிடும். காலையிலிருந்து ஒரு மெஷினும் ஓடவில்லை. ஆனாலும் கூரைச் சட்டங்களில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த தூள், மின்விசிறிக் காற்றுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முதுகெல்லாம் தூளோடு எழுந்து போவது நன்றாக இருக்காது என்று ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அது வெளிக்குச் சொல்கிற காரணம். குனிந்து வேலை செய்கிறவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் நிஜமான காரணம்.

"கடைசி மூணு மாசமா கண்ணு சுத்தமா சரியில்லீங்க," என்று ஆணிக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான் அண்ணன். "தையல்காரம்மா வீட்டு உத்தரத்தை மாத்தி அறுத்துட்டாரு. நாப்பது வருஷத்துல ஒரே ஒரு தப்பு. ஆனா அதை ஒத்துக்கிட்டாரு பாருங்க, அதுதான் எங்கப்பா. 'நான்தாம்மா பண்ணேன்'னு முன்னால வந்து நின்னாரு. ஒரு சப்பைக்கட்டு கிடையாது. அடுத்தவன் தலையில கட்டுறது கிடையாது."

"அவரு மாதிரி யாரு இருக்கா இப்ப," என்றார் ஆணிக்கடைக்காரர்.

ஒவ்வொரு தடவையும் கதைக்குக் கொஞ்சம் மெருகு ஏறியது. முதல் தடவை அப்பா வெறுமனே ஒத்துக்கொண்டார். மூன்றாவது தடவை தலை குனிந்து நின்றார். ஐந்தாவதில் கண் கலங்கிவிட்டார். அவள் துணியைப் பிழிந்தாள். அப்பா கண் கலங்கவெல்லாம் இல்லை. அண்ணன் அந்த இடத்திலேயே இல்லை. அப்பாவுக்கு நாலடி தள்ளி நின்றவள் அவள்தான்.

மாடியில் இரண்டு அறைதான் வீடு. கீழே முழுக்கப் பட்டறை. விடிந்ததும் அம்மா எழுப்பப் போனபோது அப்பா எழுந்திருக்கவில்லை. மேலே பத்துப் பேர் நிற்க இடமில்லை என்று அண்ணனும் கடைசல் வேலை செய்கிறவரும் அவரைக் கீழே தூக்கி வந்தார்கள். அறுக்கும்போது மரத்தைத் தாங்குகிற இரண்டு மரக்குதிரைகளின் மேல் ஓர் அகலப் பலகையைப் போட்டு, துணி விரித்துக் கிடத்தினார்கள். இரண்டு மணிக்கு வண்டி வரும். அம்மா பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்தவள் மாதிரியும் இல்லை, இனிமேல் அழப்போகிறவள் மாதிரியும் இல்லை. யாராவது கையைப் பிடித்தால் கொடுத்தாள். விட்டால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர்களுடைய தொழில் இடித்த கட்டட மரத்தில். பழைய வீடோ, மில்லோ, பள்ளிக்கூடமோ, எது இடிபட்டாலும் அப்பா அங்கே போய் நிற்பார். உத்தரம், நிலை, கதவு எல்லாம் லாரியில் வந்து இறங்கும். காந்தம் வைத்துத் தேடி ஆணி பிடுங்கி, இழைத்து, மேஜை, கட்டில், அலமாரி என்று செய்வார்கள். சில பேர் தங்கள் வீட்டு மரத்தையே கொடுத்து, "இதுலயே செஞ்சு குடுங்க" என்பார்கள். அது வேறு மரத்தோடு கலந்துவிடக் கூடாது. அதற்கு அப்பா ஒரு முறை வைத்திருந்தார். மரம் இறங்கின உடனே ஒவ்வொரு கட்டையின் ஒரு முனையிலும் சாக்பீஸால் சொந்தக்காரரின் பேரை எழுதிவிட வேண்டும். பழைய மரத்தில் முனை இரண்டும் வெடித்திருக்கும், வெட்டித்தான் ஆகவேண்டும். முதலில் எழுதாத முனையை வெட்டு. அங்கே பேரை எழுது. அப்புறம்தான் அந்தப் பக்கம் போகலாம். அவசரத்தில் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டால் கட்டைக்குப் பேர் போய்விடும். அப்படிப்பட்ட கட்டையைப் பட்டறையில் 'பேர் போன மரம்' என்பார்கள்.

அண்ணன் ஒரு தரம் புதுப் போர்டு எழுத ஆளைக் கூட்டிவந்து, 'பேர் போன பழைய மரச் சாமான்கள்' என்று எழுதச் சொன்னான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், நம்ம லட்சணத்தை நாமளே போர்டு போட்டு ஊருக்குச் சொல்லணுமா?" என்றார். அன்று முழுக்க இழைத்துக்கொண்டே நினைத்து நினைத்துச் சிரித்தார்.

தையல்காரம்மாவின் மரத்துக்குப் பேர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ரோடு அகலப்படுத்துகிறார்கள் என்று அவளுடைய வீட்டை இடித்துவிட்டார்கள். நாலு உத்தரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, கூடவே நடந்து வந்து இறக்கிவிட்டுப் போனாள். துணி வெட்டுகிற மேஜை வேண்டும், பெரிதாக வேண்டும், "இனிமே அதுதான் என் வீடு" என்று சொல்லியிருந்தாள். அதே வாரம் சீட்டாட்ட கிளப் ஒன்றையும் இடித்தார்கள். அங்கிருந்தும் நாலு உத்தரம் வந்தது. அதே தேக்கு, அதே வயசு, அதே கனம். கிளப் மரத்தில் ஒரு ஹோட்டலுக்கு பெஞ்சு செய்ய ஆர்டர் இருந்தது.

அண்ணன் வெளியூருக்குச் சாமான் கொண்டு போயிருந்தான். அப்பா ஏதோ ஒரு பழைய கிடங்கைப் பார்க்கப் போயிருந்தார். அவள் தனியாக ரம்பத்தில் நின்றாள். வேலையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அவர் திரும்புவதற்குள் எட்டு உத்தரத்தையும் வெட்டி அடுக்கிவைத்து, "அட" என்று ஒரு வார்த்தை வாங்க வேண்டும் என்று நினைத்தாள். வேகம் கூடிவிட்டது. எட்டாவது கட்டையை முடித்து நிமிர்ந்தபோதுதான் தரையில் பார்த்தாள். சாக்பீஸ் எழுத்தெல்லாம் துண்டு துண்டாக அவள் காலடியில் கிடந்தது.

எட்டுக் கட்டை. எதற்கும் பேர் இல்லை. முகர்ந்து பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள். அப்பா வந்ததும் கேட்டிருந்தால் அவர் ஏதாவது வழி சொல்லியிருப்பார். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார். அதற்காகவே கேட்கவில்லை. வலது பக்கம் கிடந்த நாலும் தையல்காரம்மாவுடையது என்று அவளே முடிவு செய்தாள். தெளிவான கையெழுத்தில் பேரை எழுதினாள்.

மேஜை போன பதினைந்தாம் நாள் தையல்காரம்மா வந்து நின்றாள். கையில் ஓர் ஊசி. ஊசி நுனியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"ஆணி ஓட்டைக்குள்ள சும்மா நோண்டினேன், பச்சை பெயின்ட் வருது," என்றாள். "என் வீட்டு உத்தரத்துக்கு என்னிக்குய்யா பச்சை அடிச்சோம்? இந்த ஊர்ல பச்சை அடிச்ச கட்டடம் எதுன்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரரு ராத்திரி பகலா உட்கார்ந்து சீட்டாடின எடம். அந்தக் கட்டையை எதுக்குய்யா என் கைக்கடியில கொண்டுவந்து போட்டீங்க? என் வீட்டு மரம் எங்க?"

அவள் வீட்டு மரம் பெஞ்சாகி லாரியேறி எங்கேயோ போயிருந்தது. அதன் மேல் இந்நேரம் யாரோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

எந்தக் கட்டை யாருடையது என்று கண்டுபிடிக்க ஓர் ஊசி போதுமாக இருந்திருக்கிறது. அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ரம்பத்தின் முன்னால், மூக்கில் துணி கட்டி, காதில் மூடி போட்டுக்கொண்டு நின்றிருந்தவள், சத்தம் கேட்டு ஒரு பக்கத்து மூடியை மட்டும் தூக்கியிருந்தாள். வெட்டத் தெரிந்தவர்கள் பட்டறையில் மூன்றே பேர். மரம் வெட்டின அன்று அண்ணன் ஊரில் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். தான் வெட்டவில்லை என்பதும் தெரியும். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனார்.

"நான்தாம்மா வெட்டினேன். இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல."

"கட்டையில போற வயசுல எதுக்குய்யா உனக்குக் கட்டை அறுக்கிற வேலை?" என்று தையல்காரம்மா கத்தினாள். தெருவில் போனவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

அவள் காதுமூடியை மறுபடி இறக்கி மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் விஷயம் தெரிந்தது. அவன் கெட்டவன் இல்லை. பக்குவமாகத்தான் பேசினான். "அப்பா, விரல் கிரல் போயிடுச்சுன்னா என்ன பண்றது? இனிமே நீங்க மேலயே ரெஸ்ட் எடுங்க." அப்பா அப்போதுதான் அவளைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவள் எதையாவது சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னாள்.

"ஆமாப்பா. அண்ணன் சொல்றதும் சரிதான்."

மூன்று மாசமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது இந்த ஒரு வரிதான். அவசரத்தில் வெட்டியதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம், கை செய்த தப்பு அது. இது வாய் திறந்து சொன்னது. அடுத்த நாளிலிருந்து அப்பா கீழே இறங்கவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கீழே ஓடுகிற மெஷின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய கை இரண்டும் மடியில் சும்மா கிடந்ததைப் பார்க்கச் சகிக்காது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். இந்த வாரம் கூட்டம் அதிகம், அடுத்த வாரம் என்றாள். அவருக்குச் சளி, சரியாகட்டும் என்றாள். நேற்றுகூட, ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தாள். இன்று வியாழக்கிழமை.

பன்னிரண்டு மணி வாக்கில் தையல்காரம்மா வந்தாள். செய்தி கேட்டுக் கைவேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்க வேண்டும். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. பலகையின் கால் பக்கம் வந்து நின்றாள். பிறகு உடைந்து அழுதாள்.

"நான் அப்படி வாய விட்டிருக்கக் கூடாது மேஸ்திரி. கட்டையில போறன்னு சொல்லிட்டேனே. என் நாக்கு அழுகிப் போக."

"விடுங்கம்மா," என்று அண்ணன் அவள் தோளைத் தொட்டான். "அவரு உங்கள ஒரு நாளும் தப்பா நெனைக்கல. கண்ணு தெரியாமப் பண்ணிட்டாரு. நீங்களும் பாவம் என்ன பண்ணுவீங்க."

ஆறாவது தடவை. அண்ணன் ஆணிக்கடைக்காரர் பக்கம் திரும்பி, "இவங்கதான் அந்தம்மா" என்று ஆரம்பித்தான்.

அவள் கையிலிருந்த துணியை நாற்காலி மேல் வைத்தாள். நடந்து வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா வெட்டல," என்றாள். "நான்தான் வெட்டினேன். அப்பாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது."

வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கூட ஒற்றைச் செருப்போடு நின்றார். முடிந்தது என்று நினைத்தாள். முகத்தில் காறித் துப்பட்டும். நாலு பேர் முன்னால் துப்பட்டும். அதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

தையல்காரம்மா இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்தாள்.

"ஐயோ கண்ணு," என்றாள். "செத்த மனுஷன் மேல ஒரு சொல்லு நிக்கக் கூடாதுன்னு பாக்குறியா? பெத்தா உன்னை மாதிரி ஒண்ணு பெக்கணும்."

"இல்லம்மா, நெஜமாவே நான்தான்," என்றாள். "செவ்வாக்கிழமை காலையில. அப்பா இங்க இல்லவே இல்ல. ரெண்டு முனையையும் நான்தான் வெட்டினேன். பேரை நான்தான் குத்துமதிப்பா எழுதினேன்."

"நீயா?" அண்ணன் குரல் கரகரத்தது. "உனக்கு எது வந்தாலும் அந்தத் தப்பு வராதே. இந்த விஷயத்துல நீ அப்பாவுக்கே வாத்தியாராச்சே. போதும்மா, விடு. அப்பா மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. யாருக்கும் இல்ல."

"நம்ப மாட்டேங்கிறியே. நான் சொல்றது..."

"அப்படியே அப்பன உரிச்சு வச்சிருக்கு," என்றார் கடைசல்காரர். அவர் இருபது வருஷமாக அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார். தோள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவரும் இப்படித்தான். அடுத்தவன் பாரத்தை எடுத்துத் தன் தோள்ல வச்சுக்குவாரு. ரத்தம் எங்க போகும்?"

அவள் மறுபடியும் சொன்னாள். லாரி நம்பரைச் சொன்னாள், கட்டை எட்டு என்றாள், வலது பக்கம் இடது பக்கம் என்றாள். சொல்லச் சொல்ல அவர்கள் முகமெல்லாம் இளகிக்கொண்டே போனது. கடைசியில் குரல் உடைந்து அவள் அழுதுவிட்டாள். அதோடு எல்லாம் முடிந்தது. அழுகையைவிடப் பெரிய அத்தாட்சி அவர்களுக்கு என்ன வேண்டும்? தையல்காரம்மா அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். யாரோ அவள் துடைத்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார்கள்.

தண்ணீரைக் குடித்தாள். இதமாக இருந்தது. சொல்லியாகிவிட்டது, கெட்ட பேரும் வரவில்லை. உள்ளே ஒரு மூலையில் அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சை அவளே கேட்டாள். இத்தனை நாளில் தன்னை நினைத்து இவ்வளவு அருவருத்ததில்லை.

அவளும் அம்மாவும் தனியாக இருந்தது ஒன்றரை மணிக்கு, மாடியில். அப்பாவுக்குப் போட ஒரு நல்ல சட்டை எடுக்க வேண்டும் என்று அம்மா அவளைக் கூட்டிப் போயிருந்தாள். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றில் காலர் நைந்திருந்தது. ஒன்றில் பிசின் கறை.

"அம்மா, நீயாவது நம்புறியா?"

அம்மா ஒரு சட்டையை உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நம்புறதுக்கு என்ன இருக்கு? அன்னைக்கே சொல்லிட்டாரு."

"ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை..."

"கேட்கக் கூடாதுன்னுட்டாரு. 'அவளா வந்து சொல்லுவா. நீ வாய தொறக்காத'ன்னாரு." அம்மா சட்டையில் ஒரு பொத்தானை இழுத்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. "காலையில பதினோரு மணிக்கு நீ டீ எடுத்துக்கிட்டு வருவல்ல. படியில உன் சத்தம் கேட்டதும் என்னைக் கீழ போகச் சொல்லிடுவாரு. நான் இருந்தா உனக்குச் சங்கடமா இருக்குமாம். கீழ எனக்கு என்ன வேலை? போயி தண்ணித் தொட்டிகிட்ட சும்மா நின்னுட்டு வருவேன்."

பதினோரு மணி டீ. தினமும் அப்பா கோப்பையை வாங்கி, இரண்டு வாய் குடித்துவிட்டு, "வேற என்ன?" என்பார். "ஒண்ணும் இல்லப்பா" என்பாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "அப்புறம்? வேற என்ன?" என்பார். வயசானவருக்குப் பொழுது போகவில்லை, பேச்சுக்கு ஆள் வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். "சீக்கிரம் குடிங்கப்பா, கீழ வேலை கெடக்கு" என்று கோப்பைக்குக் கையை நீட்டுவாள். நேற்றும் அப்படித்தான் நீட்டினாள்.

"திட்டினாராம்மா?"

"யாரு? அவரா?" அம்மா யோசித்தாள். "இல்ல. நீ எறங்கிப் போனதும், நான் வந்து, சொன்னாளான்னு கேட்பேன். 'நாளைக்குச் சொல்லுவா'ம்பாரு."

இந்தச் சட்டையே இருக்கட்டும் என்று அம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினாள்.

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. சட்டை மாற்றினார்கள். பலகையோடு தூக்கிப் போய் வண்டியில் வைத்துவிடலாம் என்றார் கடைசல்காரர். அண்ணன் ஆட்களைப் பிரித்தான். கால் பக்கம் இரண்டு பேர், நடுவில் இரண்டு பேர். பிறகு சுற்றிப் பார்த்து அவளைக் கண்டுபிடித்தான். அவள் கூட்டத்துக்குப் பின்னால், சுவரை ஒட்டி நின்றிருந்தாள்.

"நீ வா," என்றான். "தலைமாட்டுல என்கூட நீ பிடி."

"வேணாம்ணே. வேற யாராவது பிடிக்கட்டும்."

"வேற யாரு இருக்கா? இன்னைக்கு அவருக்காக நாலு பேரு முன்னால பேசினவ நீதான். உனக்குத்தான் அந்தப் பாத்தியதை."

"போ கண்ணு," என்று தையல்காரம்மா அவள் முதுகைத் தடவினாள். கூட்டம் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. ஆணிக்கடைக்காரர் அவளுக்காக நாற்காலி ஒன்றை நகர்த்தினார். எல்லார் கண்ணிலும் அவ்வளவு பிரியம். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எல்லாரையும் போலவே ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"பாத்துப் பிடி," என்றாள் அம்மா.

அவள் குனிந்து பலகைக்கு அடியில் கையைக் கொடுத்தாள். "ஒண்ணு, ரெண்டு," என்றான் அண்ணன். தூக்கினார்கள். தூக்கின வேகத்தில் அப்பாவின் தலை அவள் பக்கமாகச் சாய்ந்து, அவள் முழங்கையில் வந்து முட்டி நின்றது. நேராக்கி வைக்கலாம் என்றால் இரண்டு கையும் பலகையில் இருந்தது. வாசல் வரைக்கும் அப்படியே நடந்தாள்.